ஒரே வம்சம், வேறு வேறு குடித்தனம்

குலம் தெரிந்தால் குணம் தெரியும் என்ற நம்பிக்கை சம்பந்தம் பேசப் போகிறவர்களிடம் மட்டும் இல்லை. விலங்குகளைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் உண்டு. ஓர் உயிரினத்தின் பேரினம், குடும்பம் இரண்டையும் சொல்லிவிட்டால் அது எப்படி வாழும், யாரோடு சேரும், குட்டிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் பாதி சொல்லிவிட்டதாக நினைக்கிறோம். சிங்கமும் புலியும் ஒரே பேரினம், ஒன்று கூட்டமாக வாழ்கிறது, மற்றது தனியாகத் திரிகிறது என்று யாராவது நினைவூட்டினால், அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்க முடியாத ஒரு கூட்டம் வோல்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தக் கொறி விலங்குகளில் ஓர் இனம் ஆணும் பெண்ணுமாகக் குடித்தனம் நடத்துகிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னோர் இனத்தில் ஆண், சேர்ந்த மறுநாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதை வைத்து, வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு விலங்கின் குணத்தை வம்சாவளி முன்கூட்டிச் சொல்லிவிடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குணத்துக்கு நாம் கற்பிக்கும் காரணம் நிற்குமா, விழுமா என்று பார்க்க வம்சாவளியை விட்டால் வேறு நல்ல கருவி கிடையாது. கடந்த ஐம்பது ஆண்டு வோல் ஆராய்ச்சியே இதற்குச் சாட்சி.

முதலில் வோல் என்பது எது என்று பார்த்துவிடலாம். பார்வைக்கு எலிதான். ஆனால் மூக்கு மழுங்கியிருக்கும், உடம்பு உருண்டையாக இருக்கும், காது மயிருக்குள் பாதி மறைந்துவிடும், வால் குட்டையாக இருக்கும். நம் வீட்டுச் சுண்டெலி, வயல் எலி, பெருச்சாளி, ஆய்வகத்து வெள்ளை எலி எல்லாம் மியூரிடே என்ற குடும்பம். வோல்கள் கிரைசெட்டிடே குடும்பம்; செல்லப்பிராணிக் கடையில் கூண்டுச் சக்கரத்தில் ஓடும் ஹாம்ஸ்டர் இருப்பதும் இதில்தான். இரண்டு குடும்பங்களின் கிளைகளும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஆகவே சுண்டெலியைவிட ஹாம்ஸ்டர்தான் வோலுக்கு நெருங்கிய சொந்தம். ஆர்விகோலினே என்ற துணைக்குடும்பத்தில் வோல்களோடு லெம்மிங்குகளும், குளங்களில் நீந்தி வாழும், ஒரு கிலோவுக்கு மேலும் எடை போடும் மஸ்க்ராட்டும் சேர்ந்து சுமார் 150 இனங்கள். எல்லாம் வடகோளத்தின் குளிர்ந்த, மிதமான நாடுகளைச் சேர்ந்தவை. இந்தியாவில் காஷ்மீர் முதல் சிக்கிம் வரை இமயமலையில் சில இனங்கள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலக் குழந்தை இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு வோல் தெரிந்திருக்கலாம். கென்னத் கிரஹாமின் 1908ஆம் ஆண்டுக் கதையில் ஆற்றங்கரையில் படகு ஓட்டும் ‘ராட்டி’, பெயர் எலியின் பெயராக இருந்தாலும், நீர் வோல்தான்.

இந்தக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டிவைப்பது பல். வோலின் கடைவாய்ப்பல்லை மேலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன முக்கோணங்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அடுக்கியிருப்பது தெரியும். முக்கோணத்தின் விளிம்பு கடினமான எனாமல், நடுவில் மென்மையான தந்தினி. மெல்லும்போது நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்து விளிம்பு கத்திபோல் நிற்கும். புல்லில் கலந்திருக்கும் சிலிக்கா மணல்போல் பல்லை அராவுகிறது. அதைச் சமாளிக்க வந்த அமைப்பு இது. பழைய வோல்களுக்கு இந்தப் பற்களில் வேர் இருந்தது, வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பின்னால் வந்த பல கிளைகளில் வேரே இல்லாமல் போய், ஆயுள் முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் நிலை வந்தது. இந்த மாற்றம் படிப்படியாக நடந்தது. பாறை அடுக்குகளில் பல்லும் ஏராளமாகக் கிடைக்கிறது. அதனால் ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் அதையே கடிகாரமாக வைத்துக் காலம் கணிக்கிறார்கள். இங்கிலாந்தின் வெஸ்ட் ரண்டனில் கிடைப்பது மிமோமிஸ் என்ற வோலின் வேருள்ள பல், பாக்ஸ்குரோவில் கிடைப்பது ஆர்விகோலா என்ற வோலின் வேரில்லாத பல். ஆகவே பாக்ஸ்குரோவ் பிந்தியது. 1993இல் அங்கே கிடைத்த ஆதி மனிதனின் கெண்டைக்கால் எலும்புக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டு வயது சொல்ல உதவிய சாட்சிகளில் இந்த வோல் பல்லும் ஒன்று.

பல் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கும்போது, வோலின் மற்ற விஷயங்களும் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அப்படி இல்லை. மைக்ரோட்டஸ் என்ற பேரினம் மட்டும் கடந்த சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்குள் அறுபது இனங்களாகப் பெருகிவிட்டது. பாலூட்டிகளில் இது அபூர்வமான வேகம். வெளித்தோற்றத்தில் பலவற்றைப் பிரித்தறிவது நிபுணர்களுக்கே சிரமம், ஆனால் குரோமோசோம் எண்ணிக்கை 17இலிருந்து 64 வரை தாவுகிறது. வளைக்குள்ளேயே வாழும் எல்லோபியஸ் என்ற உறவுக்கார விலங்கில் இதைவிட விசித்திரம்: அதன் சில இனங்களில் ஆணை ஆணாக்கும் ஒய் குரோமோசோமே கிடையாது, ஆனாலும் ஆண்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. உடலின் உள்கட்டுமானமே இவ்வளவு தாராளமாக மாறியிருக்கும்போது, பழக்கவழக்கம் மட்டும் வம்சத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை. பழக்கவழக்கத்தில் உள்ள இந்த வேறுபாட்டை யாரும் திட்டமிட்டுத் தேடவில்லை என்பதுதான் வேடிக்கை.

1972இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லோவல் கெட்ஸ் என்ற சூழலியலாளர் வோல்களின் எண்ணிக்கை ஏன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று கண்டறியப் புறப்பட்டார். பழைய கேள்விதான், 1924இலேயே சார்லஸ் எல்டன் அதைப் பற்றி எழுதியிருந்தார். (எண்ணிக்கை பெருகும்போது லெம்மிங்குகள் கூட்டமாகக் கடலில் விழுந்து தற்கொலை செய்துகொள்ளும் என்ற கதை கட்டுக்கதை. அதை உலகெங்கும் பரப்பிய 1958ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் வரும் காட்சி, கனடாவில் கடலே இல்லாத ஆல்பர்ட்டாவில் செயற்கையாக எடுக்கப்பட்டது.) கெட்ஸ் உயிரோடு பிடிக்கும் பொறிகளைப் புல்லுக்குள் வைத்து, சிக்கியவற்றுக்கு அடையாளமிட்டு விட்டுவிடுவார். மற்ற இனங்களில் ஒரு பொறிக்கு ஒன்றுதான் சிக்கும். பிரெய்ரி வோல்கள் மட்டும் அடிக்கடி ஒரே பொறியில் ஆணும் பெண்ணுமாகச் சிக்கின. அடுத்த முறையும் அதே ஆண், அதே பெண். தற்செயலாக இருக்க முடியாது என்று ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை ஒரே கூட்டில் தங்குவதும், ஆணும் குட்டிகளைக் கதகதப்பாக அணைத்துப் பார்த்துக்கொள்வதும், வளர்ந்த பிள்ளைகளில் பல வீட்டைவிட்டுப் போகாமல் தம்பி தங்கைகளைக் கவனிப்பதும் தெரியவந்தன. ஜோடியில் ஒன்று இறந்தால் மற்றது பெரும்பாலும் வேறு துணை தேடவில்லை. கெட்ஸ் இதைச் சக ஆய்வாளர் சூ கார்ட்டரிடம் சொன்னார். அவர் அதுவரை படித்துக்கொண்டிருந்தது ஹாம்ஸ்டர்களை. அதே கிரைசெட்டிடே குடும்பம். ஆனால் ஹாம்ஸ்டர் பெண் தனிக்காட்டு ராணி, சேரும் வேளை முடிந்தபின் ஆண் அருகில் நின்றால் கடித்துத் துரத்திவிடும்.

ஒரே பேரினத்தின் மற்றவை எப்படி? வட அமெரிக்காவில் பரவலாக வாழும் புல்வெளி வோலில், கோடைக்காலத்தில் பெண் தன் எல்லைக்குள் இன்னொரு பெண்ணை விடாது. ஆண்கள் பல பெண்களின் எல்லைகளைத் தாண்டி அலையும், குட்டி வளர்ப்பில் பங்கு கிடையாது. அந்தக் கண்டத்தின் மேற்கு மலைகளில் வாழும் மலை வோலும் இப்படித்தான். ஐரோப்பாவின் சாதாரண வோலில் பெண்கள் ஒன்றுகூடி ஒரே வளையில் ஈன்று, ஒருவர் குட்டிக்கு மற்றவர் பால் கொடுப்பதும் உண்டு; ஆணுக்குப் பல துணை. அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் மண்ணுக்கடியில் வேரைக் கடித்து வாழும் பைன் வோல் மறுபடியும் ஜோடிக் குடும்பம். நெருங்கிய வேறொரு பேரினத்தில் வைக்கப்படும் சீனாவின் மாண்டரின் வோலும் ஜோடி. இவற்றையெல்லாம் வம்ச மரத்தில் வைத்துப் பார்த்தால் ஜோடியாக வாழ்பவை ஒரே கிளையில் சேர்ந்து வரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கின்றன. அதாவது ஜோடி வாழ்க்கை ஒருமுறை தோன்றி வாரிசுகளுக்குப் போய்ச் சேரவில்லை, தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது.

எல்லாம் இடத்தைப் பொறுத்தது, குலமும் இல்லை குணமும் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பிரெய்ரி வோலின் பூர்வீகமான வறண்ட புல்சமவெளியில் உணவும் பெண்களும் சிதறிக் கிடக்கும். அலைந்து திரியும் ஆணைவிட ஒரு துணையோடு தங்கிக் காவல் காக்கும் ஆணுக்கு லாபம் அதிகம். ஈரமும் அடர்ந்த புல்லும் உள்ள இடத்தில் கணக்கு வேறு. ஆனால் இரண்டு இனத்தையும் தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்தில், ஒரே மாதிரிக் கூண்டில், ஒரே தீவனம் போட்டு வளர்த்தாலும் வித்தியாசம் போவதில்லை. இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. மூன்று அறைகள், ஒரு பக்க அறையில் ஏற்கெனவே கூடி வாழ்ந்த துணை, மறுபக்க அறையில் முன்பின் தெரியாத ஒன்று. இரண்டும் ஓடிப்போகாமல் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். நடு அறை காலி. சோதிக்கப்படும் வோலை உள்ளே விட்டு, 3 மணி நேரம் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பதிவு செய்வார்கள். பிரெய்ரி வோல் இரண்டு அறைக்கும் போய் மோந்து பார்க்கும். கடைசியில் பெரும்பாலான நேரத்தைத் துணையின் மேல் சாய்ந்து ஒடுங்கிக் கழிக்கும். புல்வெளி வோலுக்கும் மலை வோலுக்கும் இந்தப் பக்கச் சாய்வு தெரியாது. பெரும்பாலும் காலி அறையில் தனியாக உட்கார்ந்துவிடும். ஆகவே சூழல் தேர்ந்தெடுத்த வித்தியாசம் உடம்புக்குள் பரம்பரையாகவே இறங்கியிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியில்தான் கதை சூடுபிடித்தது.

ஆக்சிடோசின் என்பது பிரசவத்திலும் பாலூட்டலிலும் வேலை செய்யும் ஹார்மோன். அதற்கு நெருங்கிய உறவு வாசோப்ரெசின். இரண்டு வோல்களின் உடலிலும் இரண்டும் உண்டு. 1992இல் தாமஸ் இன்செல் குழு மூளைகளை ஒப்பிட்டபோது, ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பிரெய்ரி வோலில் ஓரிடத்திலும் மலை வோலில் வேறிடத்திலும் குவிந்திருந்தன. தபால்காரர் எல்லாத் தெருவிலும்தான் நடக்கிறார், எந்த வீட்டு வாசலில் பெட்டி தொங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். பிரெய்ரி வோலில் அந்தப் பெட்டிகள் இன்பத்தையும் வெகுமதியையும் உணரும் பகுதிகளில் நிறைய இருந்தன. மருந்து கொடுத்து ஏற்பியை அடைத்தால் ஜோடிப் பிணைப்பு உருவாகவில்லை. 2004இல் லாரி யங் குழு வாசோப்ரெசின் ஏற்பிக்கான மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி, புல்வெளி வோல் ஆணின் மூளையில் குறிப்பிட்ட இடத்தில் செலுத்தியது. அலைந்து திரியும் அந்த ஆண், மூன்றறைச் சோதனையில் துணையோடு ஒண்டிக்கொண்டது. நியாயமாகவே உலகம் வியந்தது.

அடுத்த படியில்தான் கால் இடறியது. அந்த ஏற்பி மரபணுவுக்கு முன்னால், அதன் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில், திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான துண்டு பிரெய்ரி வோலில் இருந்தது. புல்வெளி வோலிலும் மலை வோலிலும் அது இல்லை. ஒன்றில் இருக்கிறது, மற்றவற்றில் இல்லை. ஒன்று ஜோடியாக வாழ்கிறது, மற்றவை வாழவில்லை. ஒரு துண்டு டிஎன்ஏ இல்லறத்தை நிர்ணயிக்கிறது என்ற பேச்சு பத்திரிகைகளில் இறக்கை கட்டிப் பறந்தது. 2006இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த சபீனா ஃபிங்க், லோரன் எக்ஸ்கோஃபியே, ஜெரால்ட் ஹெக்கல் மூவரும் செய்தது எளிய காரியம்: வேறு பல வோல் இனங்களிலும் அந்தத் துண்டைத் தேடிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. பல துணைகளோடு வாழும் இனங்களிலும் இருந்தது. இல்லாமல் போனது புல்வெளி வோலிலும் மலை வோலிலும் மட்டுமே. அந்த இரண்டும் மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளைகள். ஆகவே பிரெய்ரி வோல் எதையும் புதிதாகப் பெற்றுக்கொள்ளவில்லை. அந்த இரண்டின் பொது முன்னோர்தான் ஒன்றைத் தொலைத்திருக்கிறது. இரண்டு சாட்சிகள் என்று எண்ணியது உண்மையில் ஒரே குடும்பத்தின் ஒரே சாட்சி. இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். வம்ச மரத்தை வைத்துக்கொண்டு ஒரு வோலின் இல்லறத்தை ஊகிக்க முடியவில்லை, ஆனால் ஊகத்தின் பொய்யைப் பிடிக்க முடிந்தது.

அப்படியானால் ஹார்மோன் ஆராய்ச்சி எல்லாம் வீணா என்று கேட்டால், இல்லை. மூளையில் ஏற்பியை அடைத்தால் என்ன ஆகிறது, கூட்டினால் என்ன ஆகிறது என்பவை ஒரே விலங்குக்குள் நடந்த நேரடிச் சோதனைகள். அவற்றுக்கு வம்ச மரம் தேவையில்லை. விழுந்தது, இனங்களுக்கிடையிலான வித்தியாசத்துக்கு ஒற்றைக் காரணம் உண்டு என்ற கட்டடம். ஆனாலும் நேரடிச் சோதனைகளிலும் ஆச்சரியம் மிச்சமிருந்தது. 2023 தொடக்கத்தில் தேவானந்த் மனோலி, நிராவ் ஷா ஆகியோரின் குழுக்கள், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையால் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாமல் பிறந்த பிரெய்ரி வோல்களைப் பற்றி அறிவித்தன. முப்பது ஆண்டுப் பாடத்தின்படி அவை துணையோடு சேரக் கூடாது. சேர்ந்தன. மூன்றறைச் சோதனையில் வழக்கம்போல் துணையின் பக்கமே சாய்ந்தன. பெண்கள் ஈன்று பாலும் கொடுத்தன. குட்டிகள் தேறுவதில்தான் குறை இருந்தது. வளர்ந்த விலங்கில் திடீரென்று ஏற்பியை அடைப்பதும், பிறவியிலிருந்தே ஏற்பி இல்லாததும் ஒன்றல்ல, வளரும்போதே மூளை மாற்றுவழி அமைத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஒரு பதில். ஏற்கத்தக்க பதில்தான். ஆனால் அந்தப் பதிலே, பிணைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆக்சிடோசினுக்குச் சூட்டிய ‘காதல் ஹார்மோன்’ என்ற பட்டத்தை இதற்குமேல் எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஜோடியாக வாழ்பவை, வாழாதவை என்று இனங்களை இரண்டு பெட்டிக்குள் போட்டதே தவறாக இருந்தால்? பிரெய்ரி வோல் குட்டிகளின் டிஎன்ஏவைப் பார்த்தபோது சில குட்டிகளுக்குத் தகப்பன் வீட்டு ஆண் இல்லை. ஆண்களில் கணிசமானவை கூடு எதுவும் வைத்துக்கொள்ளாமல் பல பெண்களின் எல்லைகளைச் சுற்றி வருபவை. அதனால்தான் ஆய்வாளர்கள் இன்று சமூக ஜோடி வாழ்க்கை என்று கவனமாகச் சொல்கிறார்கள். சேர்ந்து வாழ்வது வேறு, கற்பு வேறு. பாலூட்டிகளில் இப்படிச் சேர்ந்து வாழ்பவை நூற்றுக்கு 9 என்று டீட்டர் லூகாஸும் டிம் கிளட்டன்-பிராக்கும் 2013இல் கணக்கிட்டார்கள். மறுபக்கம், சமூகமே தெரியாதது என்று பெயர் வாங்கிய புல்வெளி வோலைக் குளிர்காலத்தில் பார்க்க வேண்டும். கோடையில் ஒன்றையொன்று விரட்டிய பெண்கள், பகல் குறையத் தொடங்கியதும் பனிக்கடியில் ஒரே கூட்டில் ஒண்டிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் உணவையும் வெப்பத்தையும் மாற்றாமல், விளக்கெரியும் நேரத்தை மட்டும் குறைத்தே இதை அனலீஸ் பீரி காட்டினார். அதிலும் ஏதோ ஒரு பெண்ணோடு ஒண்டுவதில்லை. பழகிய தோழியைத்தான் தேடிப் போகின்றன. ஆகவே பெட்டிகள் ஓட்டைப் பெட்டிகள்தான். ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் கெடுக்கவில்லை. ஓர் இனத்துக்குள்ளேயே, ஓர் ஆண்டுக்குள்ளேயே உறவுமுறை இவ்வளவு மாறுமானால், பேரினத்தின் பெயரிலிருந்து அதைப் படிக்க நினைப்பது இன்னும் பெரிய பிழை.

இதில் மனிதனுக்கு என்ன என்று கேட்காமல் இந்த ஆராய்ச்சி ஒருநாளும் நகர்ந்ததில்லை. 2008இல் ஸ்வீடனில் 552 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, அதே வாசோப்ரெசின் ஏற்பி மரபணுவின் ஒரு வடிவம் ஆண்களில் மணவாழ்க்கைச் சிக்கலோடு சேர்ந்து வருவதாகக் கண்டார்கள். தாக்கம் சிறியது, தனி மனிதனைப் பற்றி எதையும் கணிக்கப் போதாதது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். விவாகரத்து மரபணு என்று தலைப்புப் போட்டவர்களுக்கு அது காதில் விழவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்பே வோல்களுக்குள்ளேயே தோற்றுப்போன ஒரு விதியை வோலிலிருந்து மனிதனுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் இதில் கொடுமை.

அப்படியென்றால் ஜோடி வாழ்க்கைக்குப் பொதுவான அடித்தளமே இல்லையா? இருக்கலாம் என்றுதான் ரெபேக்கா யங்கும் ஹான்ஸ் ஹாஃப்மனும் அவர்களுடைய சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இரண்டும் ஜோடியாக வாழ்கின்றன என்பதற்காக அவர்கள் பிரெய்ரி வோலையும் கடற்குதிரையையும் நேராகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. மீன், தவளை, பறவை, காட்டு எலி, வோல் என்று ஐந்து இடங்களில், ஜோடியாக வாழும் ஓர் இனத்தையும் அதன் நெருங்கிய சொந்தத்தில் அப்படி வாழாத ஓர் இனத்தையும் எடுத்து, முதலில் சொந்தத்துக்குள் வித்தியாசம் பார்த்தார்கள். பிறகு அந்த ஐந்து வித்தியாசங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். 45 கோடி ஆண்டு பிரிவையும் தாண்டி, ஆண்களின் மூளையில் பல மரபணுக்கள் ஒரே திசையில் கூடியும் குறைந்தும் இருந்தன. ஒரு மரபணு அல்ல, ஒரு கூட்டம். அதுவும் எல்லா இடத்திலும் அச்சு அசலாக இல்லை, ஒரு சாயல்தான். சொந்தங்களைச் சரியாக அடையாளம் கண்டு ஜோடி சேர்க்காமல் அந்தச் சாயலைப் பிரித்தெடுத்திருக்கவே முடியாது.